தோற்றவர்கள் உட்கார்ந்து படித்தார்கள்

என் பெரியப்பா ஒரு சொல்தா. பாண்டிச்சேரிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம் இருக்காது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, பிரெஞ்சு அரசாங்கம் தரும் பென்ஷனில் காலம் தள்ளிய எங்களூர்க்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பெரியப்பா 1958லிருந்து மூன்று வருஷம் அல்ஜீரியாவில் இருந்தார். 1962 ஆகஸ்டில் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பெரியப்பா பிரெஞ்சுக்காரராகவே இருந்துவிட்டார். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு நாடு.

2002 மே மாதம். பிரான்ஸ் அதிபர் தேர்தலின் இரண்டாவது சுற்றில் சிராக்கை எதிர்த்து ழான்-மரி லெப்பென் நின்றார். கோன்சுலேட்டில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பெரியப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "லெப்பெனுக்குத்தான் போட்டேன்."

நான் அப்போது பிரெஞ்சு வாத்தியார். பத்திரிகை எல்லாம் படிக்கிற ஆள் என்ற நினைப்பு வேறு. "என்ன பெரியப்பா, நம்மள மாதிரி ஆளுங்களத்தான அவரு வெளிய போகச் சொல்றாரு?"

"டேய், அவன் சொல்றது அரபுக்காரன. நம்மள இல்ல. அவனும் இந்தோசீனா போனவன், அல்ஜீரியா போனவன். பட்டாளத்துக்காரன். மத்தவனெல்லாம் வெறும் பேச்சு."

அந்தத் தேர்தலில் லெப்பென் பதினெட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வாங்கித் தோற்றார். பெரியப்பாவோடு நான் தொடர்ந்து வாதம் செய்யவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த 'நம்மள இல்ல' மட்டும் மனசில் கிடந்து அரித்தது. எங்கேயோ படித்த மாதிரியும் இருந்தது. ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது: ழான் ரஸ்பைல் 1973இல் எழுதிய 'புனிதர்களின் பாசறை' என்ற நாவல்.

கதை இதுதான். கல்கத்தாவில் கங்கைக் கரையிலிருந்து பத்து லட்சம் பஞ்சைப் பராரிகள் துருப்பிடித்த கப்பல்களில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பிரான்சின் தென்கரைக்கு வந்து சேர்கிறார்கள். அவர்களைச் சுடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பிரான்ஸ் தடுமாறி, கடைசியில் அழிந்துபோகிறது. கப்பல் கூட்டத்துக்குத் தலைவன் மலம் தின்கிறவன். மூடிவைத்துவிட்டுக் கை கழுவத் தோன்றும் பக்கங்கள் அதில் நிறைய உண்டு. இதை எழுதியவர் தெருவோரத் துண்டுப்பிரசுரக்காரர் அல்ல, பிற்பாடு பிரெஞ்சு அகாதெமியின் நாவல் பரிசு வாங்கியவர். அமெரிக்காவில் டிரம்ப்பின் ஆலோசகராக இருந்த ஸ்டீவ் பானன் இந்த நாவலைத் திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டியிருக்கிறார். லெப்பெனின் மகள் மரீன் லெப்பென் அதைப் படிக்கச் சொல்லிப் பரிந்துரைத்தார்.

அந்த நாவலில் எங்களூர்க்காரர் ஒருவர் வருகிறார். பெயர் ஹமதுரா. பாண்டிச்சேரியின் முன்னாள் டெபுடி, அதாவது பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர். கறுத்த நிறம். ஊரே ஓடிப்போன பிறகு மிச்சமிருக்கிற கைப்பிடி வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து, வந்து இறங்குகிற இந்தியர்களைச் சுடுகிறார். வெள்ளையாக இருப்பது தோல் சம்பந்தப்பட்டதல்ல, மனசு சம்பந்தப்பட்டது என்பது அவருடைய கட்சி. அந்தப் பக்கத்தைப் படித்தபோது பெரியப்பா ஈசிச்சேரில் உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது.

இந்த ஹமதுராவை ரஸ்பைல் ஏன் உருவாக்கினார் என்று யோசித்துக்கொண்டு போனால், பிரெஞ்சு வலதுசாரிகள் ஐம்பது அறுபது வருஷமாகச் செய்துவரும் ஒரு வேலை தெரிய ஆரம்பிக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

1962 எங்களுக்கு இந்தியாவோடு சேர்ந்த வருஷம், பிரான்சுக்கு அல்ஜீரியா கைவிட்டுப்போன வருஷம். பத்து லட்சத்துக்குப் பக்கமாக அங்கிருந்த ஐரோப்பியர்கள் மூட்டை கட்டினார்கள். அல்ஜீரியாவை விடக்கூடாது என்று குண்டு வைத்த ஓ.ஏ.எஸ். கூட்டம் உடைந்து, பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஒருவர் தொமினிக் வெனே. சிறையில் அவர் எழுதிய சிறு நூலின் சாரம் எளிமையானது: நாம் தோற்றதற்குக் காரணம் ஆயுதக் குறைவு இல்லை, நம்மிடம் கொள்கை என்று ஒன்றும் இல்லை. வெளியே வந்து 1963இல் 'ஐரோப்பா-செயல்' என்று பத்திரிகை தொடங்கினார். அதில் புனைபெயரில் எழுதிய இருபது வயதுப் பையன்தான் அலன் தெ பெனுவா.

1965 அதிபர் தேர்தலில் இவர்கள் தரப்பு வேட்பாளர் திக்சியே-வின்யான்கூர் ஐந்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டினார், அவ்வளவுதான். அவருக்குப் பிரச்சாரம் நடத்தியவர் வேறு யாருமில்லை, ழான்-மரி லெப்பென். துப்பாக்கியாலும் முடியவில்லை, ஓட்டாலும் முடியவில்லை. 1968 ஜனவரியில் நீஸ் நகரில் பெனுவாவும் சுமார் நாற்பது பேரும் கூடி ஓர் ஆய்வு வட்டம் தொடங்கினார்கள். நீளமான பெயர், சுருக்கினால் 'கிரேஸ்'. பிரெஞ்சில் கிரேக்க நாட்டுக்கும் அதே உச்சரிப்பு. பெயர் வைப்பதில் இவர்கள் எப்போதுமே கெட்டிக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வருஷம் மே மாதம் பாரீஸ் மாணவர்கள் தெருவில் கல் பெயர்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் யாருடைய புத்தகம்? அந்தோனியோ கிராம்சி. இத்தாலியக் கம்யூனிஸ்ட். முசோலினி 1926இல் பிடித்து உள்ளே போட்டு, இருபது வருஷத் தண்டனை கொடுத்து, உடம்பு கெட்டு 1937இல் செத்துப்போனவர். சிறையில் முப்பதுக்கு மேல் நோட்டுப் புத்தகங்கள் எழுதி நிரப்பினார். ரஷ்யாவில் நடந்த புரட்சி மேற்கு ஐரோப்பாவில் ஏன் நடக்கவில்லை என்பது அவருடைய கேள்வி. அங்கே அரசாங்கத்தைத் தட்டிவிட்டால் மட்டும் போதாது. பள்ளிக்கூடம், சர்ச், பத்திரிகை, நாடகம், நாலு பேர் சகஜமாகப் பேசிக்கொள்கிற நியாயம் என்று அரசாங்கத்துக்குப் பின்னால் ஒரு கோட்டையே இருக்கிறது, முதலில் அதைப் பிடிக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை.

இடதுசாரிகள் அதைப் பாடமாக நடத்தினார்கள். பெனுவா அதை வேலைத்திட்டமாக எடுத்துக்கொண்டார். 1981இல் கிரேஸ் நடத்திய மாநாட்டின் தலைப்பிலேயே கிராம்சியின் பெயர் இருந்தது. முசோலினி சிறையில் வைத்துக் கொன்ற மனிதரிடமிருந்து முசோலினியின் பேரப்பிள்ளைகள் பாடம் கற்றுக்கொண்டது கொடுமைதான். (நாடகத்தையும் சினிமாவையும் வைத்து 1967இல் ஆட்சியைப் பிடித்த மாநிலத்துக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கு இந்த உத்தி பெரிய கண்டுபிடிப்பாகப் படவில்லை. அண்ணாவுக்குக் கிராம்சி தேவைப்படவில்லை.)

படிப்பு என்றால் கிராம்சி மட்டுமில்லை. ஜெர்மனியில் 1918க்கும் 1932க்கும் இடையில் ஹிட்லரோடு முழுக்க ஒட்டாமல், அதே சமயம் ஜனநாயகத்தை வெறுத்து எழுதிய கூட்டம் ஒன்று இருந்தது: ஷ்பெங்லர், யுங்கர், மேலர் வான் டென் புரூக், கார்ல் ஷ்மிட். இவர்களை ஒரு கூடையில் போட்டு 'பழமைவாதப் புரட்சி' என்று பெயர் ஒட்டி, 1950இல் ஆய்வேடாக வெளியிட்டவர் ஆர்மின் மோலர் என்ற சுவிஸ்காரர். இளவயதில் எஸ்.எஸ். படையில் சேர எல்லை தாண்டிப் போனவர், பிறகு யுங்கருக்குச் செயலாளர். அவர் செய்தது நூலகவேலை மாதிரித் தெரியும். உண்மையில் அது ஒரு சலவை வேலை. நாஜிக் கறை படாத வலதுசாரி முன்னோர்கள் இருக்கிறார்கள், கூச்சமில்லாமல் படிக்கலாம் என்று அடுத்த தலைமுறைக்கு ஒரு குடும்ப மரம் வரைந்து கொடுத்தார். ஷ்மிட் 1933இல் கட்சியில் சேர்ந்த ஆள் என்பதைப் பார்த்தால் அந்த மரத்தின் யோக்கியதை தெரியும். இன்றைக்கு ஜெர்மனியில் ஷ்னெல்ரோடா என்ற குக்கிராமத்தில் ஆடு வளர்த்துக்கொண்டு பதிப்பகம் நடத்துகிற கெட்ஸ் கூபிட்ஷெக், மோலரின் நேரடிச் சீடர். தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சியின் தலைவர்கள் பலர் அந்தக் கிராமத்துக்குப் போய் வந்தவர்கள். கூபிட்ஷெக்கும் மனைவியும் ஒருவரையொருவர் 'நீங்கள்' போட்டுத்தான் பேசிக்கொள்வார்களாம். ஜெர்மன் நிருபர்கள் இதை ஓர் அதிசயமாக எழுதுகிறார்கள்.

பெனுவாவிடம் திரும்புவோம். அவர் செய்த பெரிய காரியம் ஒரு சொல்லை மாற்றியது. 'ஐரோப்பா-செயல்' காலத்தில் இவர்கள் இனம், ரத்தம், உயர்வு தாழ்வு என்று பச்சையாகத்தான் எழுதினார்கள். ஆஷ்விட்சுக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு எந்தக் கௌரவமான கூடத்துக்குள்ளும் நுழைய முடியாது. எழுபதுகளின் ஓட்டத்தில் 'இனம்' மெல்ல மறைந்து 'பண்பாடு' வந்தது. 'உயர்ந்தவர்' மறைந்து 'வேறுபட்டவர்' வந்தார். எந்தப் பண்பாடும் உசத்தி இல்லை, தாழ்ச்சியும் இல்லை. எல்லாம் வேறு வேறு. வேறாகவே இருக்க அவற்றுக்கு உரிமை உண்டு. 'வேறுபாட்டுக்கான உரிமை' என்ற கோஷம் அந்த நாளில் பிரெஞ்சு இடதுசாரிகளின் சொத்து. பிரெத்தோன் மொழிக்காகவும் வந்தேறித் தொழிலாளிகளுக்காகவும் அவர்கள் எழுப்பியது. அதைப் பெனுவா அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். பெனுவா 1986இல் ஒரு புத்தகம் போட்டார். ஐரோப்பாவும் மூன்றாம் உலகமும் ஒரே போராட்டத்தில் இருக்கின்றன என்பது அதன் தலைப்பே. அமெரிக்கா எல்லா நாட்டையும் ஒரே மாதிரி கோலா குடிக்கிற கூட்டமாக ஆக்கப் பார்க்கிறது, ஏழை நாடுகளும் ஐரோப்பாவும் சேர்ந்து எதிர்க்க வேண்டும் என்பார். தொண்ணூறு வாக்கில், ஒரு பழைய புத்தகக் கட்டிலிருந்து எடுத்துப் படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. ஒரு வெள்ளைக்காரர் உன் மொழி, உன் சாமி, உன் சாப்பாடு எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்கிறார். மிஷனரியையும் திட்டுகிறார், மார்க்கெட்டையும் திட்டுகிறார். இவர் வலதுசாரியா என்று ஆச்சரியப்பட்டு, வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டு வைத்தேன்.

கோடு போட்ட புத்தகத்தைப் பல வருஷம் கழித்துத் திருப்பியபோதுதான் வாக்கியத்தின் மறுபாதி கண்ணில் பட்டது. உன் பண்பாடு அப்படியே இருக்கட்டும், உன் ஊரில். கலந்தால் கெட்டுவிடும், உன்னுடையதும் கெடும், என்னுடையதும் கெடும். ஆகவே நீ இங்கே வராமல் இருப்பது உனக்கே நல்லது. மரியாதையாகக் கைகூப்பி வாசலோடு வழியனுப்புகிற இந்த வேலைக்கு பியேர்-அந்த்ரே தகியெஃப் என்ற ஆய்வாளர் எண்பதுகளில் பெயர் வைத்தார், 'வேறுபாட்டு இனவாதம்' என்று. ஊர்ப்பக்கம் இதைத் தனித்தட்டு, தனிக்குவளை என்போம். குவளையைக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாலும் அது தனிக்குவளைதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரேஸ்காரர்களுக்கு இந்தியா மேல் பிரியம் அதிகம். கிறிஸ்தவம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு, நம்முடைய அசல் மதம் அதற்கு முந்தைய பல தெய்வ வழிபாடு என்பது பெனுவாவின் கொள்கை. அந்த அசலைத் தேடிக்கொண்டு இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தின் வழியாக வேதம் வரைக்கும் வந்துவிடுவார்கள். அவர்களுடைய வரைபடத்தில் இந்திரன் உண்டு, வருணன் உண்டு. தமிழ் கிடையாது, அது வேறு குடும்பம். பெனுவா, அவரோடு நட்பு கொண்ட ரஷ்யச் சிந்தனையாளர் துகின் போன்றவர்களை ஆங்கிலத்தில் பரப்பிய ஆர்க்டோஸ் என்ற பதிப்பகம் தொடக்க வருஷங்களில் இந்தியாவிலிருந்தேதான் இயங்கியது. வெள்ளை அடையாளம் பேசுகிற புத்தகங்களுக்கு நம்மூரில் இருந்துகொண்டு மெய்ப்பு பார்த்தார்கள்.

சரி, இதையெல்லாம் யார் படித்தார்கள்? வடக்கு பிரான்சில் சுரங்கம் மூடி வேலை போனவர் பெனுவாவைப் படித்துவிட்டா லெப்பெனுக்கு ஓட்டுப் போட்டார்? இல்லை. பெரியப்பாவும் ஒரு பக்கம் படித்ததில்லை. பெனுவாவுக்கும் லெப்பென் கட்சியைப் பிடிக்காது. 1984 ஐரோப்பியத் தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஓட்டுப் போடப்போவதாக அறிவித்த ஆள் அவர். அறிவுஜீவிகள் எழுதினார்கள், அதனால் கட்சிகள் வளர்ந்தன என்று நேர்க்கோடு போடுகிற கட்டுரைகளை நான் நம்புவதில்லை. கோபம் தொழிற்சாலை வாசலிலும், கிராமத்தில் மூடிய தபால் ஆபீசிலும் விளைந்தது. ஆனால் கோபம் பேச வாயைத் திறந்தபோது சொற்கள் தயாராக இருந்தன. என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வு வட்டங்களின் வெற்றி அது மட்டும்தான், அது சின்ன வெற்றியும் இல்லை.

சொற்களின் பயணத்தைப் பாருங்கள். ரெனோ கமு என்ற எழுத்தாளர் 1979இல் ஆண்களோடு தனக்கிருந்த உறவுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார், முன்னுரை ரோலான் பார்த். அதே கமு 2011இல் 'மாபெரும் மாற்றீடு' என்று ஒரு சிறு நூல் வெளியிட்டார்: ஐரோப்பிய மக்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு மக்களை வைக்கிறார்கள் என்பது விஷயம். ரஸ்பைலின் நாவல் புது முன்னுரையோடு மறுபடி வந்து விற்றதும் அதே வருஷம். 2013 மே 21 அன்று, தொமினிக் வெனே, அந்தப் பழைய சிறைக்கைதி, எழுபத்தெட்டு வயதில் பாரீஸ் நோத்ர-தாம் தேவாலயத்தின் பீடத்தருகே தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஒருபாலினத் திருமணச் சட்டம் கையெழுத்தாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. அன்று அவர் தன் வலைப்பதிவில் போட்ட குறிப்பில் கமுவின் சொல் இருக்கிறது. 2019 மார்ச் 15, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு மசூதிகளில் ஐம்பத்தொரு பேரைச் சுட்டுக் கொன்றவன் இணையத்தில் போட்ட அறிக்கைக்கு வைத்த தலைப்பும் அந்தச் சொல்தான். கமு தனக்குச் சம்பந்தமில்லை, நான் வன்முறைக்கு எதிரானவன் என்றார். இருக்கலாம். ஐம்பத்தொரு பேர் செத்தார்கள்.

ரத்தம் சிந்தாத பயணமும் உண்டு. எனக்கு அதுதான் அதிகக் கவலை. 1974இல் கிரேஸிலிருந்து பிரிந்து வந்த சிலர், உயரதிகாரப் பள்ளிகளில் படித்தவர்கள், 'கடிகாரக் கழகம்' என்று ஒன்று வைத்தார்கள். இவர்களுக்குப் பழைய தெய்வங்கள் எல்லாம் வேண்டியதில்லை. சட்டம் எழுதத் தெரிந்த ஆட்கள். அவர்களில் ழான்-ஈவ் லெ கலூ 1985இல் 'தேசிய முன்னுரிமை' என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். வேலை, வீடு, அரசாங்க உதவித்தொகை எல்லாவற்றிலும் பிரெஞ்சுக்காரருக்கு முதலிடம் என்பது சாரம். அதே வருஷம் லெப்பென் கட்சியில் சேர்ந்தார், புத்தகத்தின் தலைப்பு கட்சியின் கோஷமானது. மற்ற கட்சிகளில் பெரும்பாலானவை ரொம்ப காலம் அதைத் தொடக்கூடாத கொள்கை என்றன. மகள் மரீன் கட்சித் தலைமைக்கு வந்ததும் 'முன்னுரிமை' என்பதற்கு இன்னும் சாதுவான வேறு சொல் பார்த்து மாற்றினார். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள் என்றேனே.

2023 டிசம்பர் 19. பிரெஞ்சு நாடாளுமன்றம் 349க்கு 186 என்ற கணக்கில் ஒரு குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. கொண்டுவந்தது லெப்பென் கட்சி இல்லை, மக்ரோன் அரசாங்கம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் சட்டப்படிதான் வசிக்கிறார் என்றாலும் குடும்ப உதவித்தொகைக்கு ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், வேலையில் இருந்தால் முப்பது மாதம் என்று அதில் ஒரு விதி. மரீன் லெப்பென் இது எங்களுக்குக் கிடைத்த சித்தாந்த வெற்றி என்றார். அவர் மிகைப்படுத்திச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

என் மகள் பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறாள். போய் அப்போது இரண்டு வருஷம். மாப்பிள்ளைக்கு ஓர் உணவக அடுப்படியில் வேலை, இரண்டு பிள்ளைகள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அவளுக்கு ஏனென்றால், 1962இல் என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அன்று ராத்திரி போன் செய்தாள். "அப்பா, இருபத்து நாலு மாசம் ஆச்சு. இன்னும் ஆறு மாசத்துக்குப் பணம் வராதாம்பா. நெசமா?" எனக்குப் பென்சில் கோடு போட்ட அந்தப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

2024 ஜனவரியில் அரசியல் சட்ட மன்றம் அந்தச் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடித்துவிட்டது. உதவித்தொகை விதியும் போனது. இந்தச் சட்டத்தில் சேர்க்கும் பொருள் இதுவல்ல என்ற நடைமுறைக் காரணத்தால். ஏப்ரலில் வேறொரு வலதுசாரிக் கட்சி அதே யோசனையைப் பொதுவாக்கெடுப்பு வழியாகக் கொண்டுவரப் பார்த்தபோது, ஐந்து வருஷக் காத்திருப்பு நியாயமற்றது என்று சொல்லி மன்றம் மறுபடி மறுத்தது. இந்த மாதிரித் தடையைத் தாண்ட அரசியல் சட்டத்தையே பொதுவாக்கெடுப்பில் திருத்துவோம் என்பது லெப்பென் கட்சியின் திட்டம்.

பெரியப்பா 2019இல் போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்த அதிபர் தேர்தல் 2027இல். அவர் வீட்டில் இப்போது ஐந்து ஓட்டு இருக்கிறது. என் வீட்டில் ஒன்றும் கிடையாது.